எட்டாயிரத்துக்குச் சம்மதிக்கும் சவுண்ட் கார்டு

எனக்குக் கோபம் வந்தால் கம்ப்யூட்டரோடு தமிழில் சண்டை போடுவேன். ஆபீசில் ஆட்களோடு மலையாளம், மெயிலில் இங்கிலீஷ், சர்வர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் நான் பிறந்த ஸ்ரீவராகம் அக்ரஹாரத்து அசல் தமிழ். "ஏன் இப்படிப் படுத்தறே, கழுதே" என்று உள்ளே நான் கத்துவதைக் கேட்டு வெளியில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். இத்தனை வருஷம் லினக்ஸ் மெஷின்களைக் கட்டி மேய்க்கிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்பது என் கட்சி. ஆனால் கட்டைவிரல் அளவு யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றோடு போட்ட சண்டை மாதிரி வேறு எதோடும் நான் போட்டதில்லை. அது அக்காவுக்காகப் போட்டது. சரியாகச் சொன்னால் அத்திம்பேர் உயிருக்காக.

அத்திம்பேர் பாங்க் உத்தியோகத்திலிருந்து ரிட்டயர் ஆனதும் அவரும் அக்காவும் மலையோரம் வித்துராவைத் தாண்டி, போனக்காடு போகிற வழியில் ஒரு வீடு வாங்கிப் போய்விட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் வாழை, வாழைக்குப் பின்னால் காடு. சரிவுக்குக் கீழே ஒரு சின்ன அம்மன் கோயில். அதில் பூஜை பண்ண ஆள் இல்லை என்று கேட்டதும் அத்திம்பேர் தானே ஏற்றுக்கொண்டார். பொழுது விடிவதற்கு முன்பே நடை திறந்துவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். நாலரைக்குக் குளித்துவிட்டுப் பின்கட்டுக் கதவைத் திறந்து, வாழைக்கு நடுவே இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் போவார். கையில் டார்ச், காலில் ரப்பர் செருப்பு, வாயில் ஸ்லோகம். காது பாதிக்கு மேல் போய்விட்டது. வாங்கிக் கொடுத்த காது மெஷின் அலமாரியில் தூங்குகிறது.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் அக்கா போன் பண்ணினாள்.

"நேத்தும் வந்துட்டுப் போயிருக்குடி. வாழை ரெண்டு அடிமூட்டோட போச்சு. அத்தனை பெரிய தேகத்தை வச்சிண்டு ஒரு சத்தம் இல்லாம எப்படி வரது, எப்படிப் போறது? நான் முழிச்சிண்டுதான் படுத்திருந்தேன்."

"அத்திம்பேர் என்ன சொல்றார்?"

"அவருக்கென்ன. யானை மிதிச்ச மண்ணுமேலேயே செருப்பைப் போட்டுண்டு எறங்கிப் போறார். கேட்டா, அம்பாள் பாத்துப்பாங்கறார். நான்தான் அவர் திரும்பி வர வரைக்கும் பின்கட்டுப் படியை விட்டு நகராம நிக்கறேன்."

எங்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். யானை எப்போது வருகிறது, எப்போது போகிறது. நாலு மணிக்குள் காட்டுக்குத் திரும்பிவிடுகிறது என்றால் அத்திம்பேர் தாராளமாகப் போகட்டும். நாலரைக்கும் அது வாழைக்குள் நிற்கிறது என்றால், என்றோ ஒரு நாள் அவர் அதன் காலிலேயே போய் முட்டிக்கொள்வார். அவரிடம் வெறும் பயத்தைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பாங்க் ஆபீசர். கணக்குக் காட்டினால்தான் அசைவார்.

முதலில் கேமரா வைத்துப் பார்த்தோம். மூடுபனியும் வாழை இலையும் நன்றாகத் தெரிந்தன.

அப்போதுதான் யானைகள் நம் காதுக்குக் கீழே பேசிக்கொள்ளும் என்று படித்தேன். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் காது விநாடிக்கு இருபது அதிர்வுக்குக் கீழே போனால் கையை விரித்துவிடும். அவை பேசுவது அந்த இருபதை ஒட்டி, சமயத்தில் அதற்கும் கீழே. பக்கத்திலேயே நின்று குடும்பமாகப் பேசிக்கொண்டாலும் நமக்கு வெறும் அமைதி. ஸ்ரீவராகத்தில் பிறந்து, ஊர்ப்பட்ட உற்சவத்தில் யானைக்குப் பக்கத்தில் நின்று கடலை தின்றவள் நான். எனக்கு இது தெரியாது. எத்தனை பேச்சைக் கேட்காமல் கடலை தின்றிருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

சரி, காதுக்குக் கேட்காவிட்டால் என்ன, மைக்குக்குக் கேட்குமே. கம்ப்யூட்டர் சத்தத்தைப் பதிவது துண்டு துண்டாக வெட்டித்தான். ஒரு விநாடியில் எத்தனை துண்டு என்பதுதான் சாம்பிள் ரேட். பாட்டுக் கேட்கிறவர்களுக்கு நாற்பத்தெட்டாயிரம் துண்டு வேண்டும். யானைப் பேச்சுக்கு எட்டாயிரம் போதும், போதும் என்ன, அமோகம். விநாடிக்கு எட்டாயிரம் தடவை காற்றைத் தொட்டுப் பார்க்கிற ஒரு வேலையை எங்கள் தொழிலில் 'குறைந்த ரேட்' என்று சொல்கிறோம். நாங்கள் எவ்வளவு கொழுத்துப்போன ஜனங்கள் பாருங்கள்.

குறைந்த ரேட்டில் எனக்கு இரண்டு லாபம். அக்கா வீட்டு மாட்டுக்கொட்டிலில் நான் வைக்கப்போவது உள்ளங்கை அளவு லினக்ஸ் போர்டு, சூரியத் தகடு ஒன்று, பழைய பேட்டரி ஒன்று, வாழைப் பாதைவரை வயர் இழுத்து ஒரு மைக். அந்தப் போர்டுக்கு நாற்பத்தெட்டாயிரத்தோடு ராத்திரி முழுவதும் மல்லுக்கட்டத் தெம்பு கிடையாது. இன்னொன்று, எட்டாயிரத்தில் பதிந்ததை நாற்பத்தெட்டாயிரம் என்று பொய் சொல்லி ஓடவிட்டால் ஆறு மடங்கு வேகமாக ஓடும். குரலும் ஆறு மடங்கு மேலே ஏறும். காதுக்குக் கீழே கிடந்தது காதுக்குள் வந்து விழும். ஒரு முழு ராத்திரி ஒரு மத்தியானத்துக்குள் அடங்கிவிடும்.

மைக்கைப் போர்டோடு சேர்க்கிற யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைப் பழவங்காடிக் கடைத்தெருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கினேன். வீட்டில் லேப்டாப்பில் சொருகி எட்டாயிரத்தில் பதிந்து பார்த்தேன். பதிந்தது. கோப்பைத் திறந்தால் அதுவும் எட்டாயிரம் என்றது. ஞாயிற்றுக்கிழமை வித்துரா போய் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, அக்கா கையால் அடை சாப்பிட்டுவிட்டு, பெரிய சாதனை செய்தவள் மாதிரி திரும்பி வந்தேன்.

அடுத்த வாரம் அக்கா கொடுத்தனுப்பிய மெமரி கார்டில் ஒவ்வொரு ராத்திரியும் பாதியிலேயே அறுந்து கிடந்தது. இடையிடையே டக் டக்கென்று ஓட்டை. பேட்டரி விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே செத்திருக்கிறது. எந்த மணிக்காக இத்தனையும் செய்தோமோ அந்த மணி மட்டும் இல்லை.

கார்டைத் திட்டினேன், போர்டைத் திட்டினேன், சூரியனைக்கூட விடவில்லை. பிறகுதான் புத்தி வந்தது. லினக்ஸில் நமக்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவில் மென்பொருள் தரகர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாம் எட்டாயிரம் வேண்டும் என்றால் அவர் இல்லை என்றே சொல்லமாட்டார். கார்டிடம் நாற்பத்தெட்டாயிரம் வாங்கி, உட்கார்ந்து செதுக்கி, எட்டாயிரமாக்கி நம் கையில் கொடுத்துவிட்டுச் சிரிப்பார். லேப்டாப்பில் அவர் செதுக்குவது தெரியாது, தெம்பு அதிகம். அந்தச் சின்ன போர்டில் ராத்திரி முழுக்கச் செதுக்கி அதன் பிராணனை வாங்கியிருக்கிறார். வெளியாட்கள் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. தரகரை நம்பிப் பழகிய எங்களைப் போன்றவர்கள்தான் செய்வோம்.

தரகரைத் தள்ளிவிட்டுக் கார்டையே நேராகக் கேட்க ஒரு வழி உண்டு. சொருகியதும் சிஸ்டத்துக்குள் அதன் பெயரில் ஒரு சின்னக் கோப்பு தானாக முளைக்கும். அதில் ஒரு வரி, எனக்கு என்னென்ன ரேட் தெரியும் என்று. அந்த வரியில் கார்டு பொய் சொல்லாது. திறந்து பார்த்தேன். 44100, 48000. அவ்வளவுதான். பாவம், அதற்கு எட்டாயிரம் என்றால் என்னவென்றே தெரியாது.

மறுபடி பழவங்காடி. இந்தத் தடவை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அதே கடையில் மேஜைமேல் விரித்துவிட்டேன். கடைக்காரர் பாறசாலைப் பக்கத்துத் தமிழர். பாதி மலையாளம், பாதி தமிழ், முழுப் பொறுமை.

"எல்லாம் ஒரே சாதனம்தானே சேச்சி. ஒண்ணு நோக்கினா போராதா?"

"போறாது. அந்தப் பச்சை எல்லாத்தையும் எடுங்கோ."

பச்சை கார்டுகளைச் சொருகினேன். ஒரே கவர், ஒரே நிறம், ஒரே படம். ஆனால் ஒன்று 48000 மட்டும் என்றது, அடுத்தது 44100-ம் தெரியும் என்றது. உள்ளே இருக்கிற சிப் வேறு வேறு, மேலே சட்டை மட்டும் ஒன்று. கடைக்காரரும் என் திரையை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வியாபாரத்தை விட்டுவிட்டு உள்ளேயிருந்து கறுப்பு, வெள்ளை, வால் வைத்தது, வால் இல்லாதது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். விலை கூடிய ஒன்று தொண்ணூற்றாறாயிரம் வரைக்கும் போனது, கீழே மட்டும் இறங்க மறுத்தது. மேலே ஏற எல்லாருக்கும் தெரிகிறது, குனியச் சொன்னால் ஒருத்தருக்கும் இடுப்பு வளையவில்லை என்று நான் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சேச்சிக்கு இது என்னத்துக்கு? பாட்டுப் பிடிக்கவா?"

"யானை பேசறதைப் பிடிக்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "யானையா," என்றார். பிறகு மாடிக்கு ஏறிப்போய் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிறைய பழைய ஹெட்செட்டுகள், வயர் பின்னிக்கொண்டு. "ஏதோ கால் சென்டர் பூட்டினப்போ எடுத்தது. ஆளுக பேசினதுதானே, ஆனையும் பேசட்டு. இதும் நோக்கிக்கோங்க."

வயர் நடுவில் தீப்பெட்டி அளவு ஒரு டப்பா. அதில்தான் சவுண்ட் கார்டு. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அந்த டப்பாவை மட்டும் சொருகினேன். கோப்பைத் திறந்தேன். 8000, 16000, 44100, 48000.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அசட்டுத்தனம்தான், ஒரு வரிக்கு யாராவது கண் கலங்குவார்களா? ஆனால் யோசித்தபோது நியாயம் புரிந்தது. எட்டாயிரம் என்பது டெலிபோனின் ரேட். மனுஷக் குரல் கம்பி வழியாகப் போக அவ்வளவு போதும் என்று எந்தக் காலத்திலோ யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். போனில் பேசுவதற்கென்றே செய்த டப்பா அதை மறக்கவில்லை. "கடன் வேணுமா சார்" என்று பகல் முழுவதும் கேட்டுச் சலித்த சாதனத்தை நான் காட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன். கடைக்காரர் அதைத் துணியால் துடைத்து ஒரு புது கவரில் போட்டுக் கொடுத்தார்.

மறுபடி மாட்டினோம். தரகர் இல்லாமல், போர்டு நேராகக் கார்டோடு. பேட்டரி விடிந்த பிறகும் உயிரோடு இருந்தது. சில நாள் யானை வரவில்லை. பிறகு ஒரு காலையில் அக்காவின் போன், வந்திருக்கிறது என்று. மறுநாள் பல் டாக்டரைப் பார்க்க ஊருக்கு வந்தவள் மெமரி கார்டைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தாள். சாப்பாடு ஆனதும் கூடத்தில் உட்கார்ந்தோம். ஒரே இயர்போன், அவளுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது.

முதலில் ஒரு குருவி. விடாமல் கீச்சுக்கீச்சு, நடுவில் கிண்கிண் என்று ஏதோ.

"இது என்ன பக்ஷிடி?" என்றாள் அக்கா.

நான் நேரத்தைக் கணக்குப் பார்த்தேன். "நீதான். சாயங்காலம் பின்கட்டுல பாத்திரம் தேச்சிண்டே பாடிண்டிருக்கே."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. குருவிக்கு அடியில், ரொம்பக் கீழேயிருந்து, ஒரு நீண்ட முனகல் எழுந்தது. எழுந்து, வளைந்து, தாழ்ந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று பதில் சொன்னது. அது இன்னும் கனமான குரல். பிறகு மெல்லிசாக மூன்றாவது ஒன்று, நடுவில் புகுந்து எதையோ கேட்டது. முதல் குரல் அதற்கு ஏதோ சொன்னது. கேட்பதும் சொல்வதுமாகப் போய்க்கொண்டே இருந்தது. குருவி தன் பாட்டுக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது.

அக்கா அந்த முற்றத்தில் குடித்தனம் வந்து இத்தனை காலமாக அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். ஒரு குடும்பம் உட்கார்ந்து பேசுகிற சத்தம் அது. அதைக் கேட்க நமக்குக் காது கொடுத்துவைக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு யாரையாவது விழுந்து கும்பிட வேண்டும்போல இருந்தது, யாரை என்று தெரியவில்லை. அக்கா இரண்டு கையாலும் இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "என்னமா பேசறதுகள்டி," என்றாள். கண்ணில் தண்ணீர்.

பிறகு அவளே சொன்னாள். "நாலரைக்குப் போ."

நாலு மணியிலிருந்து ஓட்டினேன். முனகல் இருந்தது. நாலேகாலுக்கும் இருந்தது. இன்னும் கிட்டே வந்து, மைக்குக்குப் பக்கத்திலேயே நின்ற மாதிரி. மூன்று குரலும் இருந்தன. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

க்றீச் என்று பின்கட்டுக் கதவு.

அந்த நொடியில் மூன்று குரலும் நின்றன. நடுவாக்கியத்தில் நின்ற மாதிரி நின்றன. அந்தச் சுத்தமான நிசப்தத்தில் டக்டக்டக் என்று பொடி நடை, ரப்பர் செருப்பு. கூடவே எலி கத்துவதுபோல அவசர அவசரமாக ஒரு ஸ்லோகம். செருப்பு கிட்டே வந்தது. மைக்கைத் தாண்டியது. சரிவில் இறங்கித் தேய்ந்தது. ஸ்லோகமும் தேய்ந்தது. அதற்குப் பிறகும் ஒன்றும் இல்லை. பிறகு கனமான குரல் மெதுவாக ஆரம்பித்தது. சின்னது பதில் சொன்னது.

அக்கா இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இப்பவே கிளம்பு," என்றாள்.

பல் டாக்டரை இன்னொரு நாளைக்குத் தள்ளிவிட்டு, என் காரில் இரண்டு பேரும் வித்துரா போய்ச் சேர்ந்தோம். இருட்டுவதற்குள் அத்திம்பேரை நாற்காலியில் உட்காரவைத்துப் பெரிய ஹெட்போனைக் காதில் மாட்டி, சத்தத்தை முழுக்க ஏற்றினேன். வயசானால் காதில் மேல்குரல்தான் முதலில் போகும், அக்காவின் குருவி அவருக்குக் கேட்கவே இல்லை. கீழ்க்குரல்கள் எல்லாம் கேட்டன. எதைக் கேட்கிறோம் என்று சொன்னதும் முதலில் கையைக் கூப்பிக்கொண்டு கேட்டார். கதவு வந்த இடத்தில் 'இதோ, இப்ப நீங்க வரேள்' என்று சைகை காட்டினேன்; குரல்கள் நின்றதும் கூப்பின கை தானாக இறங்கியது.

"இன்னொரு தரம் போடு," என்றார். போட்டேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே அன்னிக்கு," என்றார், ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே.

"ஒங்களுக்குக் கேக்கலை," என்றாள் அக்கா. "அதுகளுக்குக் கேட்டுது. வாயை மூடிண்டு ஒதுங்கி நின்னு வழி விட்டிருக்குகள்."

"அம்பாள்னு நான் சொன்னது இதைத்தானே."

"இருக்கட்டும். தெனமும் ஒதுங்கணும்னு அதுகளுக்கு என்ன? குட்டி வேற இருக்கு. ஒரு நாளைக்கு அதுகள் ஒதுங்கலைன்னா?"

அவர் ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு விரலை மடக்கினார். கணக்குப் பார்க்கிற முகம். பிறகு எழுந்து கோயில் கமிட்டிக்காரருக்குப் போன் பண்ணி, நாளையிலிருந்து நடை வெளிச்சம் வந்த பிறகுதான் திறக்கும் என்று மலையாளத்தில் சொன்னார். காரணம் கேட்டதற்கு, "ஆளுண்டு வழியில்" என்று மட்டும் சொன்னார்.

ராத்திரி நான் அங்கேயே தங்கினேன். மறுநாளும் அவர் நாலரைக்குக் குளித்துவிட்டார். பழக்கம் விடாது. பின்கட்டுக் கதவைத் திறக்காமல் சமையலறைப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். அக்கா காப்பி கலந்தாள். வெளியே ஒரு சத்தம் இல்லை. அதற்கு முன்னால் அந்த மாதிரி அமைதியை நான் நம்பியிருப்பேன். இப்போது அது எதையெல்லாம் வைத்துக்கொண்டிருக்கிறதோ என்று மூன்று பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நன்றாக விடிந்த பிறகு அவர் தாழ்ப்பாளை எடுத்தார். பாதை இறங்குகிற இடத்தில், படிக்கு நேர் எதிரே, ஈரமண்ணில் ஒரு பெரிய காலடி, அதன் விளிம்பை மிதித்துக்கொண்டு ஒரு சின்னக் காலடி. இரண்டிலும் அடியிலிருந்து தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. அத்திம்பேர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காலடிகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு கோயிலுக்கு இறங்கிப் போனார்.